எம் புக்கில் முடிய வேண்டிய தகராறு

ராஜபாளையத்தில் தாமிரபரணி குடிநீர்த் திட்டம், பாதாளச் சாக்கடை, டி.பி. மில்ஸ் சாலை ரயில்வே மேம்பாலம் என்று பணிகள் அடுத்தடுத்து நடந்தபோது ஊர்மக்கள் கண்டது பள்ளமும் புழுதியும்தான். ஒப்பந்ததாரரையும் அதிகாரிகளையும் சேர்த்தே திட்டினார்கள். ஆனால், நகராட்சி, குடிநீர் வடிகால் வாரியம், நெடுஞ்சாலைத் துறை, ரயில்வே எனப் பல கைகள் புகும் ஊரில், ஒருவர் முடித்தால்தான் இன்னொருவர் தொடங்க முடியும். அப்படிக் காத்துக்கிடக்கும் நாட்களுக்கு யார் பொறுப்பு? கட்டுமானத் தகராறுகள் பலவும் இந்தக் கேள்வியில்தான் முளைக்கின்றன.

இதைத் தளத்திலேயே தீர்க்க வேண்டியவர் ஒப்பந்த நிர்வாகி. பில்லுக்குச் சான்றளிப்பது, கூடுதல் வேலைக்கு விலை வைப்பது, கால நீட்டிப்பைப் பரிசீலிப்பது எல்லாம் அவர் வேலை. பன்னாட்டு ஒப்பந்தங்களுக்கான ஃபிடிக் விதிகளின் 2017 பதிப்பு, இந்த நிர்வாகியான பொறியாளருக்குச் சம்பளம் தருபவர் உரிமையாளரே என்றாலும், உரிமைக்கோரிக்கைகளில் அவர் நடுநிலையோடு முடிவுசெய்ய வேண்டும் என்கிறது. இரு தரப்பையும் பேசவைக்க 42 நாள். ஒத்துவராவிட்டால் முடிவு சொல்ல மேலும் 42 நாள்.

நம் ஊர்ப் பணிகளில் நடப்பது என்ன? தோண்டும்போது வரைபடத்தில் இல்லாத பழைய குழாய் தட்டுப்படும். “ரெண்டடி தள்ளிப் போடுங்க, பில்லுல பாத்துக்கலாம்” என்பார் பொறியாளர். குழாய் பதித்து மண்ணும் மூடியாகிவிடும். பில் போடும்போது பார்த்தால் எழுத்தில் உத்தரவு இருக்காது. எம் புக் எனும் அளவுப் பதிவேட்டில் அளவு ஏறியிருக்காது. சொன்னவர் மாறுதலில் போயிருப்பார். புதிதாக வந்தவர் கையெழுத்திட்டால் தணிக்கையில் கேள்வி வரும். கோப்பைக் கிடப்பில் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

சட்டம் கடைசிக் கட்டமான நடுவர் தீர்வைத்தான் சீர்செய்திருக்கிறது. ஒரு தரப்பின் ஊழியர் நடுவராக இருக்க நடுவர் தீர்வுச் சட்டத்தின் 2015 திருத்தம் தடை போட்டது. அரசு நிறுவனம் தன்னிச்சையாகத் தனிநடுவரை நியமிப்பது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 8இல் தீர்ப்பளித்தது. மத்திய அரசு ஒப்பந்தங்களில் நடுவர் தீர்வை, பொதுவாக 10 கோடி ரூபாய்க்குக் குறைவான தகராறுகளோடு நிறுத்திக்கொள்ளும்படி அதே ஆண்டு ஜூனில் நிதியமைச்சகம் வழிகாட்டியது. கடைசி வாசல் குறுகும்போது முதல் வாசல் ஒழுங்காகத் திறந்தாக வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலைப் பணிகளில் சுயேச்சைப் பொறியாளர் என்ற ஏற்பாடாவது உண்டு. சுந்தரபாண்டியம் போன்ற பேரூராட்சியின் சிறு பணிக்குத் தனி நிர்வாகி கட்டுப்படியாகாது. மாவட்டத்துக்கு ஒரு குழு போதும். அந்தக் குழுவினரும் ஒப்பந்ததாரரோடு கைகோத்துவிட்டால் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு மருந்து எழுத்து. வாய்மொழி உத்தரவை ஒரு வாரத்துக்குள் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். மண் மூடும் முன் இரு தரப்பும் சேர்ந்து அளவெடுத்துப் படம்பிடிக்க வேண்டும். முடிவுக்குக் கெடுவும் காரணமும் கட்டாயம். அப்படிக் காரணம் எழுதி நேர்மையாக முடிவெடுத்தவரைத் தணிக்கை காக்க வேண்டும். காரணமின்றிக் கோப்பை முடக்கியவரைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.