டயரை இழுக்கலாமா?



சேற்றில் புதையாமலிருக்க, அகலமான இரும்புச் சக்கரம் பூட்டிய டிராக்டர் நம் தஞ்சை வயல்களில் உழுவதைப் பார்த்திருப்பீர்கள். வேலைக்கேற்ற சக்கரம்!

சில அண்ணன்களோ அழகுக்காகக் காரைத் தரையோடு தாழ்த்தி, அகல ரிம்மில் ஒல்லி டயரை இழுத்து மாட்டுகிறார்கள். பார்க்க ஜோர்தான், ஒப்புக்கொள்கிறேன்!

ஆனால், டயரின் விளிம்பு ரிம்மை இறுகக் கவ்வியிருந்தால்தான் உள்ளே காற்று நிற்கும். இழுத்து மாட்டினால் அந்தப் பிடி தளரும். வாய்க்கால் பாலத்து மேட்டிலோ, பள்ளத்திலோ இடித்தால் டயர் கழன்று, ஒரே நொடியில் காற்று போய்விடலாம். காரின் அடிவயிறும் அடிபடும்.

தயாரித்த நிறுவனம் அமைத்ததை இஷ்டம்போல் மாற்றக்கூடாதென்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அப்படியொரு காரில், "ஒரு ரவுண்டு போகலாம், வா" என்று கூப்பிட்டால், குனிந்து டயரைப் பாருங்கள். பக்கம் சரிந்திருந்தால், "நான் சைக்கிளிலேயே வர்றேண்ணே" என்று சொல்லிவிடுங்கள்.