இரண்டு நெட் போட்டால் இரட்டை வேகமா?

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. அதற்கு மேலே கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீரைப் பங்கிட்டு விடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் நடத்துபவர் ஃபைபர் கேபிளையும் செருகி, போனின் ஹாட்ஸ்பாட்டையும் போட்டுவிட்டால், கணினியும் அப்படிப் பங்கிட்டுக்கொள்ளும் என்று நினைப்பதில் வியப்பில்லை. ‘ரெண்டு லைன் இருக்கு, வேகமானதை அதுவே பாத்துக்கும், ஒண்ணு போனா இன்னொண்ணு வந்துடும்’ என்பது ஊரறிந்த நம்பிக்கை. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கூட்டம் நெருக்கும் நவம்பரில்தான் அதன் சாயம் வெளுக்கும்.

முதலில் பங்கீடு. அப்படி ஒன்று வழக்கமாக நடப்பதே இல்லை. விண்டோஸும் லினக்ஸும் ஒரு வழித்தட அட்டவணை வைத்திருக்கின்றன. வெளியுலகுக்கு இரண்டு வழி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மெட்ரிக் என்று ஓர் எண் உண்டு. குறைந்த எண் உள்ள வழியிலேயே எல்லாம் போகும். மற்றது சும்மா கிடக்கும். இரண்டையும் சேர்த்து ஓட்டும் மல்டிபாத் டிசிபி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 2013-லேயே ஐஓஎஸ் 7-ல் சிரி என்ற குரல் உதவியாளருக்காக ஆப்பிள் அதைக் கொண்டுவந்தது. ஆனால் எதிர்முனை சர்வருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

‘வேகமானதை அதுவே பார்த்துக்கொள்ளும்’ என்பதில் பாதி உண்மை உண்டு, அதனால்தான் அது இவ்வளவு நாள் பிழைத்திருக்கிறது. விண்டோஸ் வேகத்தைப் பார்த்துத்தான் எண் போடுகிறது. எந்த வேகம்? இணையத்தின் வேகமல்ல, கணினிக்கும் பக்கத்துப் பெட்டிக்கும் இடையிலான இணைப்பின் வேகம். ரவுட்டரிலிருந்து வரும் ஜிகாபிட் கேபிளுக்கு விண்டோஸ் 10 தரும் எண் 25. 100 எம்பிபிஎஸ் கேபிளுக்கு 35. மாதப் பிளான் 40 எம்பிபிஎஸ்தான் என்றாலும், பக்கத்தில் இருக்கும் 5ஜி போன் அதைவிடப் பல மடங்கு தந்தாலும், அந்த 25 மாறாது. கேபிளுக்கு அப்பால் நடப்பதை அது அளப்பதே இல்லை.

லினக்ஸில் நெட்வொர்க் மேனேஜர் அந்த அளவுக்குக்கூட மெனக்கெடுவதில்லை. கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600, மொபைல் மோடத்துக்கு 700 என்று இனம் பார்த்துக் கொடுத்துவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை: யூஎஸ்பி வழியாக இணைத்த போன் அதன் கண்ணுக்குக் கேபிளாகத் தெரியும். வீட்டு ஃபைபர் வைஃபையில் வந்துகொண்டிருக்க, போனின் அன்றைய ஒன்றரை ஜிபி மதியத்துக்குள் தீர்ந்துபோகும்.

அடுத்தது, ‘ஒன்று போனால் இன்னொன்று’. எப்படிப் போனது என்பதைப் பொறுத்தது. கேபிளைப் பிடுங்கினால் அந்த வழி அட்டவணையிலிருந்தே மறையும், மற்றது வேலைக்கு வரும். தெருவில் ஃபைபர் அறுந்தால் கதை வேறு. மோடத்தில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மினுக்கும்; கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவே மட்டும் இணைப்பு உயிரோடிருக்கும். விண்டோஸ் பெரும்பாலும் அந்தச் செத்த வழியையே கட்டிக்கொண்டு நிற்கும். ஆண்ட்ராய்டு இதில் கெட்டி. வைஃபையில் நிஜமாகவே இணையம் வருகிறதா என்று சோதித்துவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவும். நெட்வொர்க் மேனேஜரிலும் இணையச் சோதனை இயக்கத்தில் இருந்தால், தோற்ற இணைப்பின் எண்ணோடு 20,000 கூட்டிப் பின்னுக்குத் தள்ளிவிடும். அப்படியே மாறினாலும் கணினியின் முகவரி மாறுவதால், பாதியில் ஏறிக்கொண்டிருந்த சிட்டா, அடங்கல் பைல்கள் அறுந்து விழும்.

சரி, எண்ணைக் கையால் மாற்றிவிட்டால் தீர்ந்ததா? முக்கால்வாசி. மெட்ரிக்குக்கு முன்பே முகவரிப் பொருத்தம் பார்க்கப்படும். கடைக்குள் இருக்கும் பிரிண்டருக்கு, எண் என்னவானாலும், அச்சு வேலை உள் வழியாகத்தான் போகும். மேலும் இணைய முகவரியில் பழையது ஐபிவி4, புதியது ஐபிவி6 என இரண்டு வகை; விண்டோஸில் ஐபிவி4-க்கு ஓர் எண், ஐபிவி6-க்குத் தனி எண். போனின் ஜியோ இணைப்பில் ஐபிவி6 தாராளமாக வரும். அதை ஏற்கும் தளங்களுக்குக் கணினியும் பொதுவாக அந்த வழியையே முதலில் நாடும். ஐபிவி4 எண்ணை மட்டும் மாற்றிவைத்தவர், டேட்டா ஏன் இன்னும் போனிலிருந்தே கரைகிறது என்று ரீசார்ஜ் கடைக்காரரிடம் சண்டை போடுவதற்கு முன், கட்டளைத் திரையில் ரூட் பிரிண்ட் என்று அடித்து இரண்டு அட்டவணைகளையும் பார்த்துவிடலாம்.