நாலாவது மூவ்!

மூலனூரிலிருந்து திருப்பூருக்கு எங்கள் பனியன் கம்பெனி வேன் காலை ஆறு மணிக்குக் கிளம்பும். போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேனில் இரண்டு ஜாதி. வாயைப் பிளந்து தூங்குகிறவர்கள், செல்போனில் பாட்டுக் கேட்கிறவர்கள். நான் மூன்றாவது ஜாதி. குதிரை கொடுப்பவன்.

பயப்படாதீர்கள், செஸ் குதிரை. போனில் மூன்று நிமிஷ ஆட்டம். எதிராளி பிரேசிலிலோ போலந்திலோ இருப்பார். அவருக்கு தினமும் காலையில் ஒரு குதிரையை இனாமாகக் கொடுப்பேன். அதுவும் நாலாவது மூவிலேயே. கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாக முருங்கைத் தோட்டங்களைப் பார்ப்பேன். போலந்துக்காரர் அங்கே வியர்த்துக்கொண்டிருப்பார்.

விஷயம் இதுதான். வெள்ளை ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னே போகிறது. கறுப்பும் அப்படியே. நம் குதிரை வெளியே வந்து அந்தக் கறுப்புச் சிப்பாயை முறைக்கிறது. சிப்பாயைக் காப்பாற்றாமல் கறுப்பு தன் குதிரையைக் கொண்டுவந்து நம் சிப்பாயை முறைக்கிறது. 'நீ அடித்தால் நானும் அடிப்பேன்' என்கிற இந்த ஆட்டத்துக்குப் பெயர் பெட்ரோஃப் தடுப்பு. ரஷ்யக்காரர் ஒருவர் பெயரில் வழங்குவது. சண்டை சச்சரவு இல்லாமல் டிராவில் முடிவதற்குப் பேர்போனது.

நாம் சிப்பாயை அடிக்கிறோம். கறுப்பு இன்னொரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி நம் குதிரையை விரட்டுகிறது. குடும்பஸ்தர்கள் இந்த இடத்தில் குதிரையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். என்னைப் போன்றவர்கள் ஒரே தாவு! ராஜாவின் பக்கத்தில் நிற்கும் சிப்பாயை அடித்துவிட்டு ராஜாவின் மடியிலேயே உட்காருவோம். அங்கிருந்து ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் மிரட்டுவதால் ராஜாவே எழுந்து வந்து குதிரையை அடித்தாக வேண்டும். அடித்த பிறகு அவரால் கோட்டை கட்ட முடியாது. நட்டநடுவில் நிற்பார்.

கணக்குப் பார்த்தால் குதிரைக்கு மூன்று பாயின்ட். கிடைத்தது இரண்டு சிப்பாய், அதாவது இரண்டு பாயின்ட். சுத்த நஷ்டம். கம்ப்யூட்டரைக் கேட்டால் கறுப்புக்குத்தான் சாதகம் என்று தயவுதாட்சண்யம் இல்லாமல் சொல்லும். ஆனால் மூன்று நிமிஷ ஆட்டத்தில் கம்ப்யூட்டரைக் கேட்க ஏது நேரம்? வெள்ளை அடுத்து ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும். 'ஆஹா, நடுவில் ஒரு சிப்பாய் சும்மா நிற்கிறதே' என்று கறுப்புக் குதிரை ஆசைப்பட்டு அதை அடித்தால் போயிற்று. ராணி ஓரத்துக்குப் பறந்துவந்து ஒரு செக் வைப்பாள். அந்தக் குதிரை திரும்பக் கிடைத்துவிடும், ராஜா தெருவில் நிற்பார். வேன் தாராபுரம் தாண்டுவதற்குள் இப்படி இரண்டு பேரையாவது வீழ்த்திவிடுவேன்.

இந்தத் தாவலுக்குப் பெயர் காக்ரேன் கேம்பிட். ஜான் காக்ரேன் 1798-ல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். தொழில் பாரிஸ்டர். வேலை பார்த்தது எங்கே தெரியுமோ? நம் கல்கத்தாவில்! இந்தக் குதிரையை அவர் கொடுத்ததாகப் பதிவாகியிருக்கும் ஆட்டமும் கல்கத்தாவில்தான், 1848-ல். வாங்கிக்கொண்டவர் மகேஷ்சந்திர பானர்ஜி என்ற வங்காளி. பதவி வகையில் பார்த்தால் நம் மூதாதையர்.

என் அக்கா பையனுக்குப் பன்னிரண்டு வயசு. ஏழாம் வகுப்பு. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி கட்டிக்கொண்டு கும்பிட்ட அந்த 'தம்பி' குதிரையைப் படத்தில் பார்த்து, "மாமா, இது என்ன வெளாட்டுங்க?" என்று கேட்டான். அட்டை வாங்கிக் கொடுத்தது நான். 2024 டிசம்பரில் குகேஷ் பதினெட்டு வயசில் உலக சாம்பியன் ஆன அன்று ராத்திரி அவன் தூங்கவே இல்லை. காக்ரேன் கேம்பிட் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அதில்தான் விஷயமே இருக்கிறது.

சொல்லிக் கொடுக்கும்போது சும்மா சொல்லவில்லை. "மாப்ள, இது லேசுப்பட்டதில்ல. 1999-ல் ஸ்பெயினில் லினாரெஸ் போட்டியில் டோபலோவ் இதை க்ராம்னிக்குக்கு எதிராகவே ஆடியிருக்கிறார். ரெண்டு பேரும் பின்னால் உலக சாம்பியன் ஆனவங்க!" என்றேன். பையன் கண்கள் விரிந்தன. அந்த ஆட்டம் டிரா என்பதை மட்டும் சொல்லவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை.

போன மாதம் பக்கத்து மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டி. ஐந்து ரவுண்டு. ஆளுக்கு அரை மணி நேரம். முதல் பரிசு சைக்கிள்.

சைக்கிள் என்றதும் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஏன்டா தம்பி, அது நெசமாவே சைக்கிளா, இல்ல சைக்கிள் படம் போட்ட கப்பா?" அவளுக்குக் காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடம் தோட்டத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். அரசாங்க சைக்கிள் வருவதற்கு அவன் பதினொன்றாம் வகுப்பு போக வேண்டும். முருங்கைக்காய் விலை ஒரு வாரம் வானத்தில், மறுவாரம் பறிகூலிக்கே ஆகாது. அதை நம்பி சைக்கிள் வாங்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டிப் போனேன். பையன் வரிசையாக நாலு ரவுண்டு ஜெயித்தான். நாலுக்கு நாலு! எனக்கு நெஞ்சு சட்டைப் பட்டனைத் தெறிக்கவிட்டது. அடுத்த இடத்தில் மூன்றரை பாயின்ட்டோடு ஒரு சிறுமி. மற்றவர்கள் எல்லாம் மூன்றும் அதற்குக் கீழும். கடைசி ரவுண்டில் இவனுக்கும் அவளுக்கும் மேட்ச். இவனுக்கு வெள்ளை.

பையன் என்னிடம் ஓடி வந்தான். "மாமா, அந்தப் புள்ள எப்பவும் ரெண்டாவது மூவ்ல குதிரையை எடுத்துருமாங்க. பசங்க சொன்னாங்க."

பெட்ரோஃப்! பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"குதிரையைக் குடுத்துரட்டுங்களா, இல்ல சாதாரணமா ஆடட்டுங்களா?"

இந்த இடத்தில் நீங்கள் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். எனக்கு அன்றைக்குப் போடத் தோன்றாத கணக்கு. அவனுக்கு நாலு, அவளுக்கு மூன்றரை. டிரா ஆனால் நாலரை, நாலு. சைக்கிள் இவனுக்கு. டிராவுக்குப் பேர்போன ஆட்டத்தை எதிராளியே ஆட வருகிறாள். குதிரையை ஒழுங்காகப் பின்னால் இழுத்துக்கொண்டு, சிப்பாயையும் குதிரையையும் மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டு, கை குலுக்கிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

நான் சொன்னேன்: "குடுத்துரு மாப்ள!"

பெற்றவர்களும் மாமன்களும் ஹாலுக்குள் வரக் கூடாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அந்தச் சிறுமிக்குப் பத்து வயசு இருக்கும். ரெட்டைச் சடை. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. நாலாவது மூவில் இவன் குதிரை தாவியதும் போலந்துக்காரர் மாதிரி வியர்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போர்டைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். கவுனிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துப் பாதி கடித்தாள். ஆறு நிமிஷம். என் போன் ஆட்டத்தில் இதற்குள் இரண்டு பேர் செத்திருப்பார்கள்.

அப்புறம் ராஜாவால் குதிரையை எடுத்தாள். நடுவில் நின்ற இலவசச் சிப்பாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராஜா பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, வீட்டுக்கு ஒரு சந்து திறந்தாள். ராஜா அதற்குள் ஒரு படி நடந்தார். மந்திரி ஒன்று வந்தது. யானை ஒன்று வந்தது. கோட்டை கட்ட முடியாது என்று சொன்னேன் அல்லவா? நடந்தே கோட்டைக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு பார்த்தால் எங்கள் பக்கம் ஒரு குதிரை குறைவு. அவ்வளவுதான் மிச்சம். ஐம்பது மூவுக்குள் எல்லாம் முடிந்தது.

சைக்கிளில் மணி எல்லாம் கட்டியிருந்தார்கள். அந்தச் சிறுமிக்கு அதன் பெடல் எட்டவில்லை. அவள் அப்பா உருட்டிக்கொண்டு போனார்.

எங்களுக்கு ஒரு கேடயம். பஸ்ஸில் மூலனூர் வரும்வரை பையன் அதை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் வந்தான். அழுதிருந்தால்கூடத் தேவலை. சின்னதாராபுரம் தாண்டியதும் சொன்னான்:

"போன்ல எல்லாரும் பயந்துக்கறாங்க மாமா. அந்தப் புள்ள பயப்படவே இல்லீங்க."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மூன்று நிமிஷ ஆட்டத்தில் நான் ஜெயித்ததெல்லாம் செஸ்ஸே இல்லை, எதிராளியின் படபடப்பு. அரை மணி நேரம் இருக்கிற இடத்தில் படபடப்பு ஆறு நிமிஷத்தில் ஆறிப்போகிறது. பிறகு போர்டில் இருப்பதுதான் இருக்கும். இதை ஒரு பத்து வயசுப் பெண் கடலை மிட்டாய் தின்றுகொண்டே கண்டுபிடித்துவிட்டாள்.

"தப்பு என் மேலதான் மாப்ள. டிரா போதும்னு நான் சொல்லியிருக்கணும். ஒண்ணாந் தேதி சம்பளம் வந்ததும் சைக்கிள் வாங்கித் தர்றேன்."

"வேணாங்க மாமா. அடுத்த வருசம் ஜெயிச்சுக்கறேன்."

அடி வயிற்றில் மிதித்த மாதிரி இருந்தது. பேச்சை மாற்றுவதற்காகப் பானர்ஜி கதையைச் சொன்னேன். இதுவரை காக்ரேன் கதையைத்தானே சொல்லியிருந்தேன்?

கல்கத்தாவுக்கு வெளியே ஊர்ப்புறத்தில் ஒருவர் யாரிடமும் தோற்றதே இல்லை என்று கேள்விப்பட்டு, காக்ரேன் தேடிப் போய் அவரை ஜெயித்து, பட்டணத்துக்குக் கூட்டி வந்ததாக 1850-ல் லண்டன் செஸ் பத்திரிகையில் வந்த ஒரு கடிதம் சொல்கிறது. அவர்தான் பானர்ஜி. நம் நாட்டுப் பழைய ஆட்டத்தில் சிப்பாய் முதல் மூவில் இரண்டு கட்டம் தாவாது, ஒவ்வொரு அடியாகத்தான் போகும். அந்தப் பழக்கத்தில் பானர்ஜி குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, மந்திரியை அந்த இடத்தில் உட்காரவைத்து, எதிராளி நடுவில் கட்டும் மாளிகையைத் தூரத்திலிருந்தே குறிபார்ப்பார். வெள்ளைக்காரர்களுக்கு விசித்திரமாக இருந்தது. 'இந்தியத் தடுப்பு' என்று பெயர் வந்தது அதனால்தான்.

"அவுரு குதிரையைப் பாத்துப் பயந்தாருங்களா?" என்றான் பையன்.

"பயந்திருந்தால் விட்டுட்டுப் போயிருப்பார். வருஷக்கணக்கில் காக்ரேனோடு ஆடியிருக்கார். நூற்றுக்கணக்கான ஆட்டம். தோற்றதுதான் அதிகம். ஆனா 1855-ல் அவர் ஆடின ஒரு தடுப்பை, 1922-ல் வியன்னாக்காரர் க்ரூன்ஃபெல்ட் ஆடினப்புறம்தான் உலகம் கவனிச்சுது. பேரும் அவர் பேரையே வெச்சுட்டாங்க. இன்னிக்கும் பெரிய மாஸ்டர்கள் ஆடறாங்க. காக்ரேன் குதிரையை ஆடறது நானும் என்னை மாதிரி வேன்ல போறவங்களும்தான்."

பையன் கேடயத்தைக் கைமாற்றி வைத்துக்கொண்டான். "அப்பன்னா அவுரு ஆட்டத்தைச் சொல்லிக் குடுங்க" என்றான். எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு விஷயம். நான் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். மறுநாள் திங்கள்கிழமை. ஜெர்மனி பையர் ஒரு டி-சர்ட் ஆர்டருக்கு நாற்பத்தைந்து நாளில் ஷிப்மென்ட் கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில், "முடிச்சிரலாம் சார்" என்று மார்தட்டுவேன். துணி நிட்டிங் ஆகி, டையிங் போய், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் முடிவதற்குள் தேதி தாண்டும். கப்பலில் போக வேண்டிய சரக்கு பிளேனில் போகும். பிளேன் கூலி முதலாளி தலையில். லாபம் அங்கேயே காலி. அதுவும் ஒரு நாலாவது மூவ்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

"அறுபது நாள் வேணும் சார்."

முதலாளி என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அவரிடம் கடலை மிட்டாய் இல்லாததுதான் குறை. "சரி, கேட்டுப் பாரு" என்றார். ஐம்பத்தெட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு ஞானம் வந்த பிறகு திருந்தியிருப்பான் என்று நினைக்கிறீர்களா? இன்று காலை வேனில் ஒரு பிரேசில்காரர் பெட்ரோஃப் ஆடினார். கை சும்மா இருக்குமா? குதிரை தாவியது. மனுஷர் ஆசைப்பட்டு நடுச் சிப்பாயை அடித்தார். தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஆட்டம் முடிந்தது.

அக்கா பையனிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.