வண்டியைக் கழற்றும் பையனைத் திட்டாதீர்கள்!

மோட்டார் சைக்கிள் என்றால் வாலிபர்களுக்குக் கொள்ளை ஆசை. பெற்றோருக்கோ பெரும் பயம்.

இரண்டிலும் நியாயம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன் வண்டியை வாசலில் நிறுத்துகிறான். பிளக்கைக் கழற்றுகிறான். கையெல்லாம் கரி. சட்டையெல்லாம் எண்ணெய். "ஏன்டா, இந்த வேலைக்குத்தான் உன்னைப் படிக்க வைத்தேனா?" என்று அப்பா கேட்கிறார். "இப்போதுதானே வாசலைக் கழுவினேன்! தரையெல்லாம் பாழ்!" என்று அம்மா சத்தம் போடுகிறார்.

பையன் ஸ்பானரைக் கீழே போடுகிறான். பிளக்கை மறுபடியும் மாட்டுகிறான். வண்டியில் ஏறிப் போய்விடுகிறான்.

எங்கே போகிறான்? சாலைக்குத்தான்!

வாசலில் கிடைத்த இன்பத்தை வீட்டார் கெடுத்து விட்டார்கள். இனி அதை அவன் சாலையில் தேடுவான். சாலையில் கிடைக்கும் இன்பத்துக்கு வேகம் என்று பெயர். வண்டியை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், அதைக் கழற்றிப் பார்க்க மட்டும் ஏன் தடை போடுகிறார்கள்? இந்தத் தடை தப்பு. பெரிய தப்பு.

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இது மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சொன்ன கணக்கு. அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். தலைக்கவசம் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர்! பெற்றோரின் பயம் வெறும் பயம் அல்ல. ஆனால் பயந்தவர்கள் தடுக்க வேண்டியது எதை? ஸ்பானரையா, வேகத்தையா?

சினிமா தாண்டல்

மோட்டார் சைக்கிள் ஆசையை வளர்ப்பதில் சினிமாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அது குற்றம் அல்ல. திரையில் வண்டி பாய்ந்தால் கை தட்டாதவர் யார்? தனுஷ் நடித்த "பொல்லாதவன்" படம் 2007-ல் வந்தது. திருட்டுப் போன ஒரு மோட்டார் சைக்கிளைத் தேடுவதுதான் கதை. ஒரு வண்டிக்காக இவ்வளவு தவிப்பா என்று யாரும் கேட்கவில்லை. வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தவிப்பு தெரியும்.

ஆனால், திரையில் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது.

1963-ல் "தி கிரேட் எஸ்கேப்" என்ற ஆங்கிலப் படம் வந்தது. ஜெர்மானியர்களின் சிறை முகாமிலிருந்து கைதிகள் தப்பும் கதை. கதாநாயகர்களில் ஒருவராக நடித்தவர் ஸ்டீவ் மக்வீன். அவர் மோட்டார் சைக்கிளில் பறந்து முள்வேலியைத் தாண்டும் காட்சி உலகமெங்கும் பேசப்பட்டது. எத்தனையோ வாலிபர்கள் அதைப் பார்த்து வண்டி வாங்கினார்கள்.

வேலியைத் தாண்டியது மக்வீன் அல்ல! அவருக்குப் பதிலாகத் தாண்டியவர் அவருடைய நண்பர் பட் எகின்ஸ். மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் பழுத்த அனுபவம் உள்ளவர். படத்தில் ஜெர்மன் ராணுவ வண்டியாகக் காட்டப்பட்டதும் ஜெர்மன் வண்டி அல்ல. அது இங்கிலாந்து நாட்டு "டிரையம்ப்" வண்டி. வர்ணம் பூசி வேஷம் போட்டிருந்தார்கள்.

மக்வீன் ஒன்றும் வண்டி ஓட்டத் தெரியாதவர் அல்ல. 1964-ல் கிழக்கு ஜெர்மனியில் நடந்த ஆறு நாள் சர்வதேசப் போட்டியில் அமெரிக்காவுக்காக ஓட்டியவர். அப்படிப்பட்டவரே அந்தத் தாண்டலை இன்னொருவரிடம் விட்டுவிட்டார்! இதை அறியாத பையன் கடைத்தெருவில் முன் சக்கரத்தைத் தூக்கிக் காட்டுகிறான்.

கொட்டகைத் தாத்தா

மோட்டார் சைக்கிள் பிரியர்கள் குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம் வேறொன்று உண்டு. "தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்ட்டஸ்ட் இந்தியன்" என்பது அதன் பெயர். 2005-ல் வந்தது. ஆண்டனி ஹாப்கின்ஸ் நடித்தது. பெயரைப் பார்த்து நம் நாட்டுக்காரர் கதை என்று எண்ண வேண்டாம். "இந்தியன்" என்பது ஓர் அமெரிக்க மோட்டார் சைக்கிளின் பெயர்.

இது நடந்த கதை. நியூசிலாந்து நாட்டின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்று ஓர் ஊர். அங்கே 1899-ல் பிறந்தவர் பர்ட் மன்றோ. மோட்டார் சைக்கிள் விற்பதும், பழுது பார்ப்பதும் அவர் தொழில். 1920-ல் ஓர் "இந்தியன்" வண்டி வாங்கினார். 600 சி.சி. எஞ்சின். மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 89 கிலோ மீட்டர்தான் அதன் உச்ச வேகம்.

மற்றவர்களாக இருந்தால் வேறு வண்டி வாங்கியிருப்பார்கள். மன்றோ அதே வண்டியைக் கழற்றினார். பூட்டினார். மறுபடியும் கழற்றினார். பகலில் பிழைப்பு, இரவில் கொட்டகை. பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்துத் தம் கையாலேயே பிஸ்டன் வார்த்தார். சக்கரத்தின் பழைய ஸ்போக் கம்பிதான் அவருக்கு அளவு கருவி!

செய்த பிஸ்டன்கள் உடைந்தன. உருகின. வெடித்தன. அவர் எதையும் எறியவில்லை. கொட்டகையில் ஒரு பலகை அடித்து அதன்மேல் அடுக்கினார். "வேகக் கடவுளுக்குக் காணிக்கை" என்று எழுதி வைத்தார். எத்தனை வருஷத் தோல்விகள்! அதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும்.

எஞ்சின் 950 சி.சி. வரை வளர்ந்தது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் போனவில் என்ற உப்புச் சமவெளி இருக்கிறது. அங்கே 1962-லும் 1966-லும் சாதனை செய்தார். 1967-ல் மறுபடியும் ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 68! வண்டிக்கு வயது 47! மணிக்கு 183 மைலுக்கு மேல் ஓடி, தம் வகுப்பில் உலக சாதனை படைத்தார். கணக்கில் ஒரு பிசகு இருந்தது. அது 2014-ல் திருத்தப்பட்டது. சரியான வேகம் 184.087 மைல், அதாவது சுமார் 296 கிலோ மீட்டர். திருத்தத்தைப் பார்க்க அவர் இல்லை. 1978-லேயே இறந்து விட்டார்.

அந்த உப்புச் சமவெளியில் எதிரே லாரி வராது. குறுக்கே மாடு வராது. பந்தைத் துரத்திக்கொண்டு பிள்ளை ஓடி வராது. மன்றோ வேகமாகப் போனது மொத்தத்தில் சில நிமிஷங்கள்தான். கொட்டகையில் கழித்தது ஒரு வாழ்நாள்.

திருவொற்றியூர் வண்டி

கையால் தொட்டு அறியும் இன்பத்துக்கு நியூசிலாந்து போக வேண்டியதில்லை. சென்னையில் திருவொற்றியூரிலிருந்து வந்த "புல்லட்" இருக்கிறதே!

அதன் பிறந்த வீடு இங்கிலாந்து. ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1901-ல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 1955-ல் அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்தன. பாகங்கள் கப்பலில் வந்தன, திருவொற்றியூரில் பூட்டினார்கள். சில வருஷங்களில் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது. திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே வண்டி ஏற்றுமதியானது! பிறந்த வீடு பூட்டிக் கிடந்தது. புகுந்த வீட்டில் புல்லட் செழித்தது.

பழைய புல்லட்டைக் கிளப்புவதே ஒரு வித்தை. எடுத்தவுடன் உதைத்தால் திருப்பி உதைக்கும். முழங்கால் வீங்கிப் போனவர்கள் உண்டு. ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு சிறு மீட்டர். அதில் ஒரு முள். கிக்கரை மெல்ல அழுத்தினால் முள் ஆடும். முள் நடுவில் வந்து நிற்கும்போது பிஸ்டன் உச்சிக்கு அருகில் வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே இடது கைப் பக்கம் இருக்கும் சிறு பிடியை இழுக்க வேண்டும். உள்ளே அழுந்தியிருக்கும் காற்று வெளியேறும். கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும். பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே மிதி!

பலசாலிக்குக் கிளம்பாத வண்டி, விஷயம் தெரிந்த ஒல்லிக் கிழவருக்குக் கிளம்பும். எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று மனத்துக்குள் பார்க்கத் தெரிந்தவருக்கே அது அடங்கும். இன்னொரு சங்கதி. அந்தப் பழைய வண்டிகளில் கியர் வலது காலில். பிரேக் இடது காலில். தெரியாதவர் ஏறினால் பிரேக் என்று கியரை மிதிப்பார்!

விரலே அளவுகோல்

அந்த எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சிறு மூடி இருக்கிறது. திறந்தால் நெட்டுக்குத்தாக இரண்டு கம்பிகள் தெரியும். எஞ்சின் ஆறிய பிறகு அவற்றை விரலால் சுழற்றிப் பார்ப்பார்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. இதைச் சரி செய்யத் தெரிந்த பையனுக்குத் தன் விரலில் ஒரு நம்பிக்கை பிறக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகம் தராத நம்பிக்கை அது.

எல்லாரிடமும் புல்லட் இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை. 2020-க்குப் பிறகு வந்த பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சும் மின்னணுக் கருவி வந்துவிட்டது. அதை வீட்டில் தொடக் கூடாது. ஆனால் பிளக், செயின், ஏர் ஃபில்டர், பிரேக் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. கார்புரேட்டர் வண்டியின் பிளக் முனை காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகம். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. நாக்கைப் பார்த்து வைத்தியர் நோய் சொல்வது போலத்தான்!

பிரேக்கை ஒரு முறை கழற்றிப் பார்த்த பையன் அதை மறக்க மாட்டான். இவ்வளவு பெரிய வண்டியை, மேலே உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆட்களோடு, நிறுத்துவது ஒரு சிறு தகடு. அது பாதி தேய்ந்திருக்கிறது! மணிக்கு 60 கிலோ மீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். தேய்ந்த தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்கும் பையன், அப்பாவின் நூறு புத்திமதிகளில் கேட்காததைக் கேட்கிறான். கழற்றிய பிரேக்கை அவன் தானே மாட்டிவிட்டாலும், ஓட்டுவதற்கு முன் மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட வேண்டும். இதில் மட்டும் வீராப்பு ஆகாது.

"மெக்கானிக்குக் கொடுக்கும் காசு மிச்சம்" என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். இந்தப் பொழுதுபோக்கில் காசு மிஞ்சாது. சென்னைப் புதுப்பேட்டைக்கு ஒரு போல்ட் வாங்கப் போனவர், இரண்டு ஹெட்லைட்டோடு திரும்பி வருவார்!

வீட்டாரும் சில கட்டுப்பாடுகள் வைக்கலாம். வைக்க வேண்டும். பெட்ரோல் அடுப்பங்கரைப் பக்கமோ, விளக்குப் பக்கமோ வரக் கூடாது. மூடிய அறையில் எஞ்சினை ஓட விடக் கூடாது. அந்தப் புகையில் மணமே இல்லாத விஷம் உண்டு. எஞ்சின் ஓடும்போது செயினைத் துணியால் துடைக்கக் கூடாது. துணியோடு விரலும் போய்விடும்.

சைலன்சரைக் கழற்றிவிட்டுத் தெருவை அலற வைப்பது கைவேலை அல்ல, தொல்லை. வண்டியின் அமைப்பை இஷ்டம்போல் மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி குற்றமும்கூட. இன்னொன்றையும் பெற்றோர் அறிய வேண்டும். வயது வராத பையன் வண்டி ஓட்டினால், 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் கிடைக்கலாம். ஓட்டத்தான் வயது வேண்டும். ஸ்பானர் பிடிக்க 12 வயது போதும்.

பெண்ணும் கழற்றலாம்

பையன், பையன் என்றே பேசினால் போதுமா?

இங்கிலாந்தில் பீட்ரிஸ் ஷில்லிங் என்று ஒரு பெண் இருந்தார். 1909-ல் பிறந்தவர். 14 வயதிலேயே ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். பிறகு எஞ்சினீயரிங் படித்தார். 1934-ல் புரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டிப் பரிசு பெற்றார். இரண்டாவது உலகப் போர் வந்தது. பிரிட்டிஷ் போர் விமானங்கள் தலைகீழாகப் பாயும்போது எஞ்சின் நின்று போயிற்று. கார்புரேட்டரில் பெட்ரோல் தாறுமாறாகப் புகுந்ததுதான் காரணம். அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஷில்லிங், 1941-ல் ஒரு வழி கண்டார். துளை போட்ட ஒரு சிறு உலோகத் துண்டு! அவ்வளவுதான். விமானிகள் பிழைத்தார்கள்.

அவரையும் யாராவது "தரையெல்லாம் பாழ்" என்று விரட்டியிருந்தால்?

தமிழ்நாட்டில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் ஏராளம். பள்ளிக்கு, ஆபீசுக்கு, மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறார்கள். ஆனால் பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலர் அண்ணனையோ கணவரையோ பார்க்கிறார்கள். ஸ்கூட்டர் உடலில் எங்காவது ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கும். முன் டயரில் எவ்வளவு காற்று, பின் டயரில் எவ்வளவு காற்று, இரண்டு பேர் உட்கார்ந்தால் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் அந்தச் சீட்டைத் தேடிப் படிக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிளக்.