"இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்பவர்களுக்கு

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு வாட்ஸ்அப் குழுக்களில் போஸ்டர்கள் குவிய ஆரம்பித்துவிட்டன. பத்து நாளில் ரோபோட்டிக்ஸ். பதினைந்து நாளில் கோடிங். அபாகஸ், வேத கணிதம், கையெழுத்துப் பயிற்சி. நேற்று வந்த ஒன்றில் மாதிரி விமானம் செய்யும் வகுப்பும் இருந்தது. அட, பரவாயில்லையே என்று முழுதாகப் படித்தேன். கீழே எழுதியிருந்தது: அனைவருக்கும் சான்றிதழ், சிறந்த மூவருக்குக் கோப்பை, பெற்றோர் முன்னிலையில் நிறைவு விழா.

பொம்மை விமானம் ஒட்டுவதற்கும் நிறைவு விழாவா?

முப்பத்து மூன்று வருஷம் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் இந்த விடுமுறையில் ஒரே ஒரு விஷயத்துக்காகச் சண்டை போடலாம் என்று இருக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று, மலிவான பிளாஸ்டிக் விமானக் கிட் ஒன்றைப் பிரித்து, தப்பும் தவறுமாக ஒட்டி, இஷ்டத்துக்குப் பெயின்ட் அடித்து, அலமாரி மேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான். அதற்கு மேல் அதிலிருந்து யாரும் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிட் என்பது ஒரு சின்ன அட்டைப் பெட்டி. உள்ளே ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில், கிளையில் காய் தொங்குவதுபோல, விமானத்தின் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். உடலின் இடது பாதி, வலது பாதி, இறக்கைகள், வால், சக்கரங்கள், கையளவு பெட்டிக்குள் நகமளவு விமானி. இவற்றை வெட்டி எடுத்துப் படம் பார்த்து ஒட்ட வேண்டும். பிறகு வர்ணம். கடைசியாகத் தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் மெல்லிய சின்னங்கள், டீகால் என்பார்கள். சின்னக் கிட்கள் பெரும்பாலும் 72-ல் ஒரு பங்கு அளவில் வரும். அதாவது அசலில் 6 அடி என்பது இங்கே 1 அங்குலம். ஆறடி மனிதன் உங்கள் கட்டைவிரலின் மேல்கணு உயரம்தான் இருப்பான். 'நாட்' என்ற குட்டிப் போர் விமானம் உங்களுக்கு நினைவிருக்கலாம், பெங்களூரு எச்.ஏ.எல்.-லில் கட்டப்பட்டு 1965, 1971 போர்களில் பறந்தது. அதன் இரட்டை இருக்கைப் பயிற்சி வடிவத்தை இந்த அளவில் செய்தால் இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் 10 சென்டிமீட்டர்தான். உள்ளங்கையில் உட்காரும்.

இதைப் பற்றிப் பேசியதும் முதல் கேள்வி வரும். "சார், இதனால் என்ன பிரயோஜனம்?"

இப்படிக் கேட்பவர்களைவிட எனக்கு அதிகக் கோபம், இதற்குப் பதில் சொல்ல ஓடி வருபவர்கள் மேல்தான். "கவனம் கூடும், விரல்களுக்குப் பயிற்சி, பொறுமை வளரும், நாளைக்கு ஏரோநாட்டிகல் இன்ஜினியர் ஆகலாம்" என்று அடுக்குவார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் விளையாட்டைக் கொல்வது இந்த நல்லெண்ணம்தான். பொறுமை வளரும் என்று சொல்லி வாங்கிக் கொடுத்த கிட்டைப் பிள்ளை பாதியில் போட்டுவிட்டால், "பொறுமையே இல்லை உனக்கு" என்று ஆரம்பிப்பீர்கள். கவனம் கூடும் என்று வாங்கிக் கொடுத்தால், அடுத்த மாதத் தேர்வில் கணக்கு மதிப்பெண் கூடியதா என்று பார்ப்பீர்கள். பிரயோஜனம் என்று ஒன்றைச் சொன்ன நிமிஷமே அளவுகோல் வந்துவிடுகிறது. அளவுகோல் வந்த இடத்தில் பிள்ளை விளையாடாது, பரீட்சை எழுதும்.

இது கற்பனை இல்லை. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என்ன நடந்தது என்று என் தலைமுறை ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் பிள்ளைகள் தீக்குச்சிப் பெட்டியும் ஊசி மருந்து பாட்டிலும் சைக்கிள் டியூபும் கொண்டு வந்து எதையாவது செய்வார்கள். பாதி வேலை செய்யாது. அந்தப் பாதியைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். பிறகு அதற்கு மதிப்பெண் வந்தது, பரிசு வந்தது. அப்புறம் ஸ்டேஷனரி கடைகளில் எரிமலையும் மழைநீர்ச் சேகரிப்பு வீடும் ரெடிமேடாகத் தொங்க ஆரம்பித்தன. தெர்மோகோல் வாசனை போகாத மாடலைக் கையில் பிடித்துக்கொண்டு, அப்பா எழுதிக் கொடுத்த ஆங்கிலத்தை ஒப்பித்த பிள்ளைகளை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். "இது கழன்றால் எப்படி மாட்டுவாய்?" என்று கேட்டால் அம்மாவைத் திரும்பிப் பார்க்கும். அம்மா கடைக்காரரைத்தான் பார்க்க வேண்டும்.

மாதிரி விமானத்துக்கும் 'பிரயோஜன' காலம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் 'ஃப்ராக்' என்ற நிறுவனம் 1936-லேயே 72-ல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் கிட் விற்றது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை, 1942-ல், பள்ளி மாணவர்களைக் கொண்டு ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் செய்யச் சொன்னது. வானத்தில் வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று வீரர்கள் அடையாளம் காணப் பழகுவதற்காக, அதே 72-ல் ஒரு பங்கு அளவில், மரத்தில். அளவு சரியாக இருக்கிறதா என்று சோதித்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். அங்கே தப்பு செய்தால் ஆள் சாவான். சரி, போர்க்காலத்தில் அது நியாயம்.

போர் முடிந்தது. 1950-களில் இங்கிலாந்தின் 'ஏர்ஃபிக்ஸ்' நிறுவனம் ஸ்பிட்ஃபயர் விமானத்தைச் சின்ன கிட்டாக விட்டது. இறக்கை அகலம் சுமார் 15 சென்டிமீட்டர். விலை இரண்டு ஷில்லிங். தெருமுனை உல்வொர்த்ஸ் கடையில் பிள்ளைகள் தங்கள் கைக்காசில் வாங்கினார்கள். அந்த கிட்டில் வடிவமே சரியில்லை. விமானத்தின் மேல் ஒட்டுகிற எழுத்துகளும் தப்பு. 1960-ல் வேறு அச்சு போட்டு வேறு ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். அதுவரை பிள்ளைகள் அதை வாங்காமலா இருந்தார்கள்? நூலில் கட்டிப் படுக்கையறைக் கூரையில் தொங்கவிட்டார்கள். இவர்களில் யார் இன்ஜினியர் ஆனான் என்று கணக்கெடுக்க யாரும் உட்காரவில்லை. உட்காராததால்தான் அந்தப் பழக்கம் இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

இப்போது இரண்டாவது கோஷ்டிக்கு வருகிறேன். இவர்கள் இந்தப் பொழுதுபோக்கிலேயே ஊறியவர்கள். சின்ன கிட்டைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். "சார், அந்த அச்சு பழசு. தகட்டு இணைப்பு கோடு மேலெழும்பி இருக்கிறது. காக்பிட்டில் ஒன்றும் இல்லை. அந்தப் பச்சை நிறம் அந்த வருஷத்துப் பச்சை இல்லை." காற்றில் வர்ணம் தெளிக்கும் கருவி வேண்டும், அதற்கு கம்ப்ரஸர் வேண்டும், சீட் பெல்ட்டுக்குத் தனியாக உலோகத் தகடு வாங்க வேண்டும். பல ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். பெரியவர்கள் தங்கள் காசில் தங்கள் மேஜையில் செய்துகொள்ளட்டும்; அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அழகான வேலை அது. ஆனால் அதுதான் வாசல் என்று சொல்லிப் புதிதாக வருகிறவனை வெளியே நிறுத்தாதீர்கள். கர்நாடக சங்கீதம் முறையாகப் படித்தால்தான் குளியலறையில் பாடலாம் என்று யாராவது சட்டம் போடுவார்களா?

உண்மையில் தேவைப்படுவது என்ன? பாகங்களை வெட்ட நகவெட்டி போதும். வெட்டிய இடத்தின் பிசிரைத் தேய்க்க நகம் தேய்க்கும் அரம். முதலில் சட்டத்தோடு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு போகும்; இல்லாவிட்டால் பெயின்ட் உரியும். ஒட்டிய பாதிகளைப் பிடித்திருக்கத் துணி கிளிப்பும் ரப்பர் பேண்டும். ஸ்டேஷனரி கடை அக்ரிலிக் வர்ணம், அதற்கடியில் ஒரு பூச்சு பிரைமர், இரண்டு பிரஷ். விமானியின் மேல் இருக்கும் கண்ணாடிக் கூண்டை மட்டும் ஃபெவிக்விக்கால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். அங்கே சாதா ஃபெவிகால் போதும், காய்ந்தால் நிறமற்றுப் போகும். மூக்குச் சக்கரம் உள்ள விமானமாக இருந்தால், உடலை மூடுமுன் மூக்குக்குள் சின்ன இரும்பு நட்டு ஒன்றை ஒட்டுங்கள். இல்லையென்றால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தாலும் பரவாயில்லை. ஏன் உட்கார்ந்தது என்று பிள்ளை அரைமணி நேரம் யோசிக்கும். நீங்கள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். எனக்குத் தெரிந்த வீடு. ஊரும் பெயரும் வேண்டாம். ஆறாவது படிக்கும் பெண். மேலே சொன்ன அதே நாட் விமானத்தின் கிட், பிரிட்டிஷ் சாகசக் குழுவான ரெட் ஏரோஸின் சிவப்பில் வந்தது, மாமா வாங்கிக் கொடுத்திருந்தார். அவள் அதற்கு மாம்பழ மஞ்சள் அடித்து, இறக்கை ஓரத்தில் அரக்கு பார்டர் போட்டிருந்தாள். பட்டுப்புடவைக் கணக்கு. ஒட்டிய இடத்தில் பசை வழிந்திருந்தது, ஒரு சக்கரம் கோணல். அப்பா படித்தவர், அன்பானவர். இரவு அவள் தூங்கிய பிறகு உட்கார்ந்து, பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்து முழுவதையும் சிவப்பாக மாற்றி அடித்து வைத்துவிட்டார். காலையில் காட்டி, "இப்போ பாரு, ஒரிஜினல் மாதிரியே இருக்கு" என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாமா வாங்கிக் கொடுத்த இரண்டாவது பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது. அந்த அப்பா என்னிடம் கேட்டார்: "இப்பல்லாம் பசங்களுக்கு எதுலயும் இன்ட்ரஸ்டே இல்லையே, ஏன் சார்?"

பெண் பிள்ளை என்றதும் இன்னொன்று. விமானக் கிட் என்றாலே பையனுக்கு என்று நம் வீடுகளில் தானாக முடிவாகிவிடுகிறது. பெண்ணுக்கு மெஹந்தி வகுப்பு. கோலத்தில் புள்ளி தப்பாமல் கோடு இழுக்கிற கைக்கு இறக்கை ஓரத்தில் கோடு இழுக்க வராதா?

எதிர்க்கேள்விகள் வரும் என்று தெரியும். நியாயமானவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

"போர் விமானத்தைக் குழந்தை கையில் கொடுக்கலாமா?" நல்ல கேள்வி. விருப்பமில்லை என்றால் பயணிகள் விமானம், பயிற்சி விமானம், ஹெலிகாப்டர் கிட்களும் இருக்கின்றன. போர் விமானமே வாங்கினால், கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் மேல் நாட் விமானத்தில் தனியாகப் போரிட்டு இறந்த நிர்மல்ஜித் சிங் செக்கோனைப் பற்றிச் சொல்லுங்கள். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் அவர். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பொருளுக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான் என்பது, விமானியின் முகத்துக்குப் பெயின்ட் அடிக்கும் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

"பசை, பெயின்ட் வாடை, பிளேடு?" ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிளேடு எடுக்கும்போது மட்டும் பக்கத்தில் இருங்கள்.

"விலை?" இது உண்மையான பிரச்சினை. இறக்குமதி கிட்கள் இங்கே வந்து சேரும்போது விலை ஏறிவிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பெட்டிகள் பலவற்றில் 'மேட் இன் இந்தியா' என்று அச்சிட்டு உலகமெல்லாம் விற்றார்கள். நம் ஊர் ஆட்கள் அச்சில் வார்த்துக் கொடுத்ததை எங்கோ ஒரு பிள்ளை பிரித்து ஒட்டியது. நம் பிள்ளை அதைக் கண்ணாலேயே பார்த்ததில்லை. இரண்டு, மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்குங்கள். பள்ளிகளுக்கும் சொல்கிறேன்: ஆண்டு விழா மேடைக்குப் பூ அலங்காரம் செய்கிற காசில் ஒரு பகுதி போதும், ஒரு பீரோவில் இருபது பெட்டிகள் வைக்கலாம். மதிய இடைவேளையில் பிள்ளைகள் எடுக்கட்டும். வருகைப் பதிவேடு வேண்டாம். போட்டி வேண்டாம். முதன்மைக் கல்வி அலுவலரைக் கூப்பிட்டுத் திறப்பு விழா வேண்டவே வேண்டாம்.

பெற்றோருக்கு என் கோரிக்கை சிறியது. இந்த மே மாதம் ஒரு சின்ன கிட் வாங்கிக் கொடுங்கள். மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்துக் கொடுங்கள். அப்புறம் எழுந்து போய்விடுங்கள். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். ஒரு வாரம் அது பாதியில் கிடந்தால் கிடக்கட்டும். முடித்துவிட்டு உங்களிடம் கொண்டுவந்து காட்டினால், "எந்தப் பாகம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். பதிலை முழுசாகக் கேளுங்கள்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். 'கான்சன்ட்ரேஷன் பவர்' என்று ஆரம்பிக்கிற கமென்ட்டுகளுக்கு மட்டும் பதில் கிடையாது.