பிழைச்செய்தியை முதலில் படிப்போம்

இரவு 11 மணி. 12 மணிக்குள் குழுவின் திட்டப்பணியை ஒப்படைக்க வேண்டும். புக்கிட் பாத்தோக் வீட்டிலிருந்து பல்கலைக்கழகக் கணினிக்குக் கோப்பை அனுப்பினேன். ‘வந்த செய்தி மிக நீளம்: 3769546208’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. கோப்பு போகவில்லை.

அதே கணினிக்குள் நேரடியாக நுழைந்தால் எல்லாம் சரியாக இருந்தது. “மென்பொருளை அழித்துவிட்டு மறுபடியும் போடு” என்றான் நண்பன். அப்படியே செய்தேன். 20 நிமிடம் வீணானதுதான் மிச்சம்.

பிறகுதான் பிழைச்செய்தியின் இரண்டாம் வரியைப் படித்தேன். ஆள் அமர்ந்து தட்டச்சு செய்யாத இணைப்பில் ஷெல் எதையும் எழுதக்கூடாது என்றது அது. எதுவுமே செய்யாத ‘ட்ரூ’ கட்டளையைத் தொலைவிலிருந்து இயக்கிப் பார்த்தேன். திரையில் எதுவும் வரக்கூடாது. ஆனால், ‘வணக்கம்’ என்று வந்தது!

அன்று காலை நான் செய்த வேலை அது. உள்ளே நுழைந்ததும் தமிழில் வரவேற்கட்டும் என்று ‘பாஷ்ஆர்சி’ என்ற தொடக்கக் கோப்பின் முதல் வரியில் சேர்த்திருந்தேன். தொலைவிலிருந்து கோப்பு அனுப்பும்போதும் பாஷ் ஷெல் அந்தக் கோப்பைப் படிக்கிறது. அனுப்பும் மென்பொருளோ முதலில் வரும் 4 பைட்டுகளைச் செய்தியின் நீளமாக எடுத்துக்கொள்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ‘வ’ எழுத்துக்கு 3 பைட்டுகள். அவற்றோடு ‘ண’வின் முதல் பைட்டும் சேர்ந்துதான் அந்த 10 இலக்க எண்.

உபுண்டுவில் அந்தக் கோப்பின் தொடக்கத்திலேயே, ஆள் இல்லாத இணைப்பு என்றால் மேற்கொண்டு படிக்காதே என்று சொல்லும் சில வரிகள் உண்டு. என் வணக்கத்தை அவற்றுக்குக் கீழே நகர்த்தினேன். 11.50க்குக் கோப்பு போய்ச் சேர்ந்தது.

பிழை வந்ததும் படிக்காமலேயே செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒட்டுவது நம்மில் பலருக்குப் பழகிவிட்டது. உதவி கேட்பதில் தவறில்லை. ஆனால் எது இயங்குகிறது, எது இயங்கவில்லை, கடைசியாக எதை மாற்றினோம் என்று நம்மை நாமே கேட்ட பிறகு கேட்கலாமே. காலையில் நான் சேர்த்த அந்த ஒரு வரி எனக்கு மட்டும்தான் தெரியும்.

நிரல் எழுதக் கற்கும் நமக்குப் பழுது கண்டுபிடிக்கவும் பயிற்சி வேண்டும். வேண்டுமென்றே பிழை வைத்த கணினியோடு ஒரே ஒரு ஆய்வுக்கூட வகுப்பாவது நடத்தலாம். வேலைக்குப் போனபின், நள்ளிரவில் கைகொடுப்பது அந்த வகுப்பாகத்தான் இருக்கும்.