யாருடைய மானத்துக்காக இந்த ரகசியம்?

தத்தெடுப்பில் ரகசியம் நல்லது என்று நம் தோழர்களிலேயே சிலர் வாதிடுகிறார்கள். பெற்றவர் யாரென்று தெரியாவிட்டால் குழந்தையின் சாதியும் தெரியாது, அதுவும் ஒருவகைச் சாதி ஒழிப்புதானே என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பது வேறு.

இந்தியாவில் தத்தெடுக்க இரண்டு சட்டங்கள் உள்ளன. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டப்படி பெற்றவர்களே நேரடியாகக் கொடுக்கலாம். அண்ணன் பிள்ளையைத் தம்பி எடுத்து வளர்க்கிறார். பெற்ற தாய் யாரென்று பிள்ளைக்குத் தெரியும்; பொங்கலுக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வரும். மேலைநாடுகளில் இன்று ‘திறந்த தத்தெடுப்பு’ என்று பேசப்படுவது இங்கே எப்போதோ இருந்தது, சாதிக்குள் மட்டும். தத்துப்பிள்ளை ஒரே வருணத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற பழைய விதியை 1956 சட்டம் நீக்கியது. வழக்கம் நீக்கவில்லை.

இன்னொன்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். காரா எனப்படும் ஒன்றிய அரசின் ஆணையம் இதன்படி தத்தெடுப்பை நடத்துகிறது. குழந்தையை ஒப்படைத்த தாய் மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. பிறகு கதவு மூடிவிடும். பிள்ளை தன் வேரைத் தேடித் தானே விண்ணப்பிக்க 18 வயதாக வேண்டும். அதற்கு முன் என்றால் வளர்ப்புப் பெற்றோரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

ஆக, உறவுக்குள் கைமாறும் பிள்ளைக்குத் திறந்த வீடு. மணமாகாத பெண்ணின் பிள்ளைக்கும் சாதி மீறிய காதலில் பிறந்த பிள்ளைக்கும் பூட்டிய கோப்பு.

இந்தப் பூட்டு சாதியை அழிக்கிறதா? வளர்ப்புக் குடும்பத்தின் சாதி பிள்ளைமேல் தானாக ஏறிக்கொள்கிறது. கல்யாணப் பேச்சு வரும்போது ‘யார் ரத்தமோ’ என்று அதே சொந்தபந்தம் முணுமுணுக்கிறது. அழிவது பெற்றவளின் பெயர் மட்டுமே.

ஆணவக் கொலைகள் நடக்கும் மண்ணில் பெற்றவளுக்குப் பாதுகாப்பு வேண்டும், மறுக்கவில்லை. அதற்கு நிரந்தரப் பூட்டு எதற்கு? முகவரி தராமலே, இடையில் ஓர் அமைப்பு நின்று கடிதமும் புகைப்படமும் மருத்துவ விவரமும் பரிமாறலாம். அவள் விரும்பினால் மட்டும். இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டின் சட்டத்திலேயே 18 வயது நிரம்பியவருக்குத் தன் அசல் பிறப்புப் பதிவைப் பெறும் உரிமை கிடைத்துவிட்டது.

கதவை எவ்வளவு திறப்பது என்பதைப் பெற்றவளும் வளர்ந்த பிள்ளையும் முடிவு செய்யட்டும். குடும்ப மானத்துக்கு அதில் வாக்குரிமை இல்லை.